கணித நிரூபணமும் வகுப்பறை மொழியும்: சங்கரன்கோவில் வட்டாரத்தை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

பல்கலைக்கழக நிலைக் கணிதக் கல்வியின் சீர்திருத்தம் பெரும்பாலும் பாடத்திட்ட மாற்றமாகவே புரிந்துகொள்ளப்படுகின்றது. நிரூபணத்தின் தருக்கத்தை மாணவர் தம் மொழியில் பேசிப் பார்க்க இடமின்மையே அடிப்படைக் குறை என்பதையும், வகுப்பறையும் வினாத்தாளும் சேர்ந்தே அதனை நீக்க இயலும் என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கின்றது.

திறவுச்சொற்கள்: கணிதக் கல்வி, நிரூபணம், பயிற்றுமொழி, எண்சுவடி, சீரான தொடர்ச்சி, சங்கரன்கோவில்

முன்னுரை

2019-இல் உருவான தென்காசி மாவட்டத்தில் உள்ள சங்கரன்கோவில், சங்கரநாராயணர் கோயிலாலும் ஆடித்தபசுத் திருவிழாவாலும் அறியப்படும் ஊர். விசைத்தறி நெசவு அங்குப் பல குடும்பங்களின் வாழ்வாதாரம். இவ்வட்டாரம் 1990-இல் நிறுவப்பட்ட மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் அடங்குவது. தமிழ்வழியில் பள்ளிக் கல்வியை முடித்து இளம் அறிவியல் கணித வகுப்பில் சேரும் மாணவர் ஒரே நேரத்தில் இரு மாற்றங்களை எதிர்கொள்கின்றனர். பயிற்றுமொழி ஆங்கிலமாகின்றது என்பது ஒன்று. விடை காண்பதாக இருந்த கணிதம், ஒரு கூற்று ஏன் உண்மை என நிறுவுவதாக மாறுகின்றது என்பது மற்றொன்று. முதலாவது பரவலாகப் பேசப்படுகின்றது. இரண்டும் பின்னிக் கிடப்பதே சிக்கலின் வேர் என்பது போதிய கவனம் பெறவில்லை.

மனப்பாடம் குறித்த மறுபார்வை

மாணவர் தேற்றங்களை மனப்பாடம் செய்கின்றனர் என்பது ஆசிரியர்களின் வழக்கமான குறை. ஆயின் மனப்பாடமே குற்றம் எனக் கொள்வது வரலாற்றோடு பொருந்தாது. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி நெட்டுருவாகக் கற்பிக்கப்பட்டது. முந்திரி 1/320, காணி 1/80, மா 1/20 என்னும் கீழ்வாய் அளவுகள் மாணவர் நாவில் நின்றன. அந்நினைவு நிலம் அளக்கவும் நெல் அளக்கவும் கூலி கணக்கிடவும் உடனடியாகப் பயன்பட்டது. திண்ணைக் கல்வியில் நினைவாற்றல் கணக்கைத் தீர்க்கும் செயலோடு இணைந்திருந்தமையைச் செந்தில் பாபு தம் ஆய்வுகளில் விரிவாக விளக்கியுள்ளார். இன்றைய கல்லூரி மாணவர் மனத்தில் ஏற்றும் நிரூபணமோ தேர்வுத்தாளைத் தவிர வேறெங்கும் பயன்படுவதில்லை. எனவே நினைவு செயலிலிருந்து பிரிந்துவிட்டமையே இன்றைய குறை.

நிரூபணத்தின் இலக்கணம்

மெய்ப்பகுப்பாய்வில் மாணவர் இடறும் இடங்களுள் ஒன்று தொடர்ச்சிக்கும் சீரான தொடர்ச்சிக்கும் உள்ள வேறுபாடு. இரு வரையறைகளிலும் ஏறக்குறைய அதே சொற்களே வருகின்றன. அளவையடைகளின் வரிசை மட்டும் மாறுகின்றது. அவ்வரிசையைக் கவனியாது மனப்பாடம் செய்பவர்க்கு இரண்டும் ஒன்றே.

தமிழில் இவ்வேறுபாட்டைக் காட்ட எளிய வழி உண்டு. ‘ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தறி உண்டு’ என்பதையும் ‘எல்லா வீட்டுக்கும் ஒரே தறிதான் உண்டு’ என்பதையும் சங்கரன்கோவில் மாணவர் எவரும் குழப்பிக்கொள்ளார். முன்னதில் வீடு மாறத் தறி மாறும்; பின்னதில் மாறாது. வீட்டுக்குப் பதிலாகப் புள்ளியையும் தறிக்குப் பதிலாக டெல்டாவையும் வைத்தால் தொடர்ச்சியும் சீரான தொடர்ச்சியும் விளங்கும்.

வர்க்கச் சார்பை எடுத்துக்கொண்டு, பிழை எல்லையாகிய எப்சிலானை 1 எனக் கொண்டால், 1 என்னும் புள்ளியில் கொள்ளத்தக்க மிகப்பெரிய டெல்டா ஏறத்தாழ 0.41, 10 என்னும் புள்ளியில் 0.05, 100 என்னும் புள்ளியில் 0.005. புள்ளி தொலைவில் செல்லச் செல்ல டெல்டா சுருங்குகின்றது. எல்லாப் புள்ளிகளுக்கும் பொதுவான ஒரே டெல்டா கிடையாது. இம்மூன்று எண்களையும் மாணவரே கணக்கிட்ட பின்னர் வரையறைக்குச் சென்றால், வரையறை அவர்கள் கண்டதன் பெயராக அமையும்.

தமிழில் சொன்ன மாத்திரத்தில் தெளிவு வந்துவிடும் என்பதும் இல்லை. ‘எல்லாப் புள்ளிகளுக்கும் ஒரு டெல்டா உண்டு’ என்னும் தொடர் இரு பொருளுக்கும் இடந்தருவது. இந்த மயக்கத்தை வகுப்பில் எடுத்து விவாதிப்பதே கணிதப் பயிற்சி.

முன்முயற்சிகளும் அவற்றின் வரம்பும்

எஸ். குமரேசன் 1993-இல் தொடங்கிய கணிதப் பயிற்சி மற்றும் திறன் தேடல் திட்டம், தேசிய உயர்கணித வாரியத்தின் ஆதரவுடன் கோடைக்காலப் பயிற்சியை நடத்தி வருகின்றது. ஆசிரியர் குறிப்பு வழங்குவதை விடுத்து வினாக்களின் வழியே மாணவரைச் சிந்திக்கச் செய்வது அதன் நெறி. ஆயினும் தெரிந்தெடுக்கப்பட்ட மாணவர்க்கே அது வாய்க்கின்றது. ஊர் திரும்பும் மாணவரை எதிர்கொள்வது பழைய வகுப்பறையே.

ஆங்கிலவழி மாணவரும் உள்ளூர் மொழியில் தேர்வெழுத அனுமதிக்குமாறு பல்கலைக்கழக மானியக் குழு 2023 ஏப்ரலில் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. வகுப்பில் தமிழில் விவாதிக்கப்படாத நிரூபணத்தைத் தேர்வில் மட்டும் தமிழில் எழுத அனுமதிப்பது, மனப்பாடத்தின் மொழியை மாற்றுவதாகவே முடியும்.

மேற்படிப்பும் தேசியத் தகுதித் தேர்வும் ஆங்கிலத்தையே வேண்டுகின்றன என்னும் மறுப்பு புறந்தள்ளத்தக்கதன்று. ஆகவே பாடநூலும் கலைச்சொல்லும் ஆங்கிலத்தில் தொடரலாம். தருக்கத்தை ஆராயும் உரையாடல் தமிழில் நிகழ்ந்து, அதன் முடிவு ஆங்கிலத்தில் எழுதப்படுதல் வேண்டும்.

வினாத்தாளின் பங்கு

‘தேற்றத்தைக் கூறி நிறுவுக’ என்னும் வினா நிலைத்திருக்கும்வரை எந்தக் கற்பித்தல் மாற்றமும் நிலைபெறாது. மாணவர் வினாத்தாளைப் பார்த்தே படிக்கின்றனர். அது அவர்தம் குற்றமன்று. வர்க்கச் சார்பு மெய்யெண் கோடு முழுவதும் சீரான தொடர்ச்சி உடையது என ‘நிறுவும்’ ஒரு பிழையான நிரூபணத்தைக் கொடுத்து, எவ்வரியில் பிழை நேர்ந்தது என வினவலாம். டெல்டா புள்ளியைச் சார்ந்து தெரிவு செய்யப்பட்ட வரியைச் சுட்டுபவர் வரையறையை உணர்ந்தவர். இத்தகைய ஒரு வினாவேனும் ஒவ்வொரு தாளிலும் இடம்பெறுவதற்குப் பாடத்திட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை. பாடக்குழுவின் முடிவு போதும்.

முடிவுரை

பாடத்திட்டத்தில் புதிய அலகுகளைச் சேர்ப்பதனால் நிரூபணத்தைப் புரிந்துகொள்ளும் திறன் வளராது. தறியையும் வீட்டையும் வைத்துத் தருக்கம் பேசத் தெரிந்த மாணவர்க்கு அத்தருக்கமே பகுப்பாய்வு என்பதை உணர்த்துவது ஆசிரியர் கடன். அவ்வுணர்வை மதிப்பெண்ணால் அங்கீகரிப்பது பல்கலைக்கழகத்தின் கடன். இவற்றுள் ஒன்று தவறினும் மற்றொன்று பயனற்றுப் போகும்.