தாய்வீட்டுக் கதவை யார் தட்டுவது?

தமிழ்நாட்டில் பிரசவம் என்றால் இன்று மருத்துவமனைதான். நூற்றுக்கு 99 பேருக்கு மேல் அங்கேதான் பிள்ளை பெறுகிறார்கள் என்று 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு காட்டியது. 24 மணி நேரமும் இயங்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள், அங்கே முறை வைத்து வேலை பார்க்கும் செவிலியர்கள், 108 ஆம்புலன்ஸ், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்தொகை என்று இதற்குக் காரணங்கள் பல. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒருவர் வீடு வீடாக நடந்து, யார் முழுகாமல் இருக்கிறார்கள் என்று கேட்டறிந்து, அவர்களைப் பதிவுக்குக் கொண்டுவந்தார். அவர்தான் கிராம சுகாதாரச் செவிலியர். ஊர்க்காரர்களுக்கு நர்சம்மா.

அதே ஆய்வில் வேறு சில எண்களும் இருக்கின்றன. கர்ப்பிணிகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒன்று வயதுக்கேற்ற உயரம் வளரவில்லை. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைகள் பாதிக்குச் சற்று மேல். பிரசவ அறை எவ்வளவு நவீனமாக இருந்தாலும் இவை அங்கே சரியாகிவிடாது. அடுப்படியிலும் மாமியாரின் சொல்லிலும் சம்பளப் பணம் செலவாகும் விதத்திலும் வேர்விட்டுக் கிடப்பவை இவை. எனவே, எல்லாரும் மருத்துவமனைக்கு வந்துவிட்டார்கள், இனி வீட்டுக்குப் போவானேன் என்று யாராவது நினைத்தால் அது பெரிய பிழை. வேலையில் பாதிதான் முடிந்திருக்கிறது. மீதிப் பாதிக்கு, இப்போது நடக்கிற விதத்தில் வீட்டுச் சந்திப்பு போதாது என்பதே என் கணிப்பு.

முதலில் அதன் பலத்தைச் சொல்ல வேண்டும். 'மாத்திரை போடுறியாம்மா?' என்று சுகாதார நிலையத்தில் கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். வீட்டுக்குப் போனால் பிரிக்காத இரும்புச்சத்து மாத்திரை அட்டை அலமாரி மேல் கண்ணில் படும். ஏன் என்று உட்கார்ந்து கேட்டால் காரணம் தானாக வரும்: குமட்டுகிறது, மலம் கறுத்துப் போகிறது, பிள்ளை பெரிதாகிப் பிரசவம் சிரமமாகும் என்று பெரியம்மா சொன்னார். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுப் பார், மலம் கறுப்பதில் ஆபத்து ஒன்றுமில்லை என்று அந்தப் பெரியம்மாவின் முன்னாலேயே ஒருவர் சொல்லும்போதுதான் அட்டை பிரிகிறது. குழந்தை பிறந்த பிறகு இதன் தேவை இன்னும் கூடுகிறது. தொப்புளில் பவுடர் போடுவது, குளிப்பாட்டும்போது மூக்கில் ஊதுவது, சீம்பாலைப் பீய்ச்சிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பது, பத்தியம் என்று தாய்க்குத் தண்ணீரைக் குறைப்பது எல்லாம் வீட்டுக்குள் நடப்பவை. அந்த ஆய்வின்படி மாநிலத்தில் நூறு பிரசவத்தில் 45 சிசேரியன். தையல் வலியோடு நிமிர்ந்து உட்கார முடியாத பெண்ணுக்கு, ஒருக்களித்துப் படுத்தபடி எப்படிப் பால் கொடுப்பது என்று யாராவது கைவைத்துக் காட்டித்தர வேண்டும். சுவரொட்டி அதைச் செய்யாது. நல்ல நர்சம்மா வீட்டு வழக்கம் அனைத்தையும் பழிப்பதும் இல்லை. மென்மையாக எண்ணெய் தேய்ப்பதை அப்படியே இருக்கவிட்டு, மூக்கில் ஊதுவதை மட்டும் நிறுத்தச் சொல்வார். எதை விடலாம், எதைத் தடுக்க வேண்டும் என்ற அந்தப் பகுத்தறிவுக்குத்தான் வீட்டில் மரியாதை கிடைக்கிறது.

இந்த முறைக்குப் பெரிய சான்றாக எல்லாரும் காட்டுவது மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியை. மருத்துவத் தம்பதியர் அபய் பங், ராணி பங் இருவரும் அங்கே 39 கிராமங்களில் உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, பிறந்த குழந்தையை வீட்டிலேயே கவனிக்க வைத்தார்கள். ஒப்பிடுவதற்கு வேறு 47 கிராமங்கள். ஆயிரம் பிறப்புக்கு 62 ஆக இருந்த, முதல் 28 நாளுக்குள் நேரும் சாவுகள், மூன்றாம் ஆண்டில் 25 அளவுக்கு இறங்கின. 1999இல் 'லான்செட்' இதழில் இது வெளியானது. 2011இல் இந்திய அரசு இதை நாடெங்கும் எடுத்துச்சென்றது. மருத்துவமனையில் பிறந்த குழந்தையானால் 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் ஆஷா எனப்படும் கிராம சுகாதாரப் பணியாளர் வீட்டுக்குச் செல்ல வேண்டும்.

கட்சிரோலியை நுணுகிப் பார்த்தால் ஒன்று தெரியும். அந்தப் பெண்கள் வெறுமனே வந்துபோகவில்லை. எடைபார்க்கும் கருவியும் வெப்பமானியும் மூச்சூட்டும் பையும் வைத்திருந்தார்கள். தொற்று என்று தெரிந்தால் அங்கேயே ஊசி போட்டார்கள். நாடு தழுவிய திட்டத்தில் வருகை நாட்கள் வந்து சேர்ந்தன, ஊசி போடும் அதிகாரம் ஆஷாவுக்கு வரவில்லை. மருத்துவமனை பக்கத்தில் இருக்கும் தமிழ்நாட்டுக்கு அந்த அதிகாரம் அவ்வளவு அவசியமில்லாமல் இருக்கலாம். ஆனால் அந்த இடத்தில் வேறு என்ன திறமையை வைத்தோம் என்ற கேள்விக்கு நம்மிடம் தெளிவான பதில் இல்லை.

எதிர்ப்பக்கத்தில் ஒரு சான்று இங்கிலாந்திலிருந்து வருகிறது. அமெரிக்காவில் டேவிட் ஓல்ட்ஸ் 1970களின் இறுதியில் எல்மைரா நகரில் தொடங்கிய செவிலியர் வீட்டுச் சந்திப்புத் திட்டம் வறுமையிலிருந்த இளம் தாய்மாரிடம் நல்ல பலன் தந்தது. அதையே இங்கிலாந்தில் முதல் பிள்ளை பெறும் பதின்வயதுப் பெண்கள் 1,645 பேரிடம் சோதித்தபோது, புகைபிடித்தல், குழந்தையின் எடை, அடுத்த கர்ப்பம், அவசரப் பிரிவுக்கு ஓடுவது ஆகிய நான்கு முதன்மை அளவுகளிலும் மாற்றம் தெரியவில்லை. அங்கே வழக்கமான அரசுச் சேவையே ஓரளவு நன்றாக இருந்ததால், கூடுதல் வருகைக்குச் செய்ய மிஞ்சியது குறைவு என்பது பரவலான விளக்கம். அடிப்படைச் சேவை வலுவாக உள்ள தமிழ்நாட்டுக்கு இது நேரடியாகப் பொருந்துகிற எச்சரிக்கை. வருகைகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் மட்டும் இங்கே இரத்தசோகை குறையாது.

நம் நடைமுறையின் குறைகளில் முதலாவது, நேரம். சமவெளியில் 5,000 பேருக்கும் மலையில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. ஆஷாக்கள் இங்கே பெரும்பாலும் மலைப்பகுதிகளில் மட்டுமே இருப்பதால் மற்ற ஊர்களில் சுமை முழுவதும் ஒரே செவிலியர் தோளில் விழுகிறது. தடுப்பூசியும் அவருடையது, குடும்பநலமும் அவருடையது. பிக்மி மென்பொருளில் ஒவ்வொரு கர்ப்பிணியின் விவரத்தையும் ஏற்ற வேண்டியவரும் அவர்தான். அதில் கிடைக்கும் 12 இலக்கப் பதிவு எண் இல்லாமல் உதவித்தொகைக்கும் வழியில்லை, பிறப்புச் சான்றிதழுக்கும் வழியில்லை. சீக்கிரம் பதிவு செய்ய வைத்ததில் இந்த ஏற்பாட்டின் பங்கு பெரிது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 18,000 ரூபாய் மகப்பேறு உதவித் திட்டத்தின் வாசலில் நிற்பவராக அவர் ஆனபின், வீட்டுப் பேச்சு 'பணம் எப்பக்கா வரும்?' என்பதிலேயே முடிந்துவிடுகிறது. அழுகிற தாயிடம் தூக்கம் வருகிறதா என்று கேட்கும் முன் ஆதார், வங்கிக் கணக்கு, கைப்பேசி எண் எல்லாம் கேட்டாக வேண்டும். பேறுகால மனச்சோர்வு இந்த அவசரத்தில் யார் கண்ணிலும் படுவதில்லை.

இரண்டாவது குறை நம் வழக்கத்திலேயே இருக்கிறது. வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய்வீட்டுக்குப் போகிறாள். குழந்தைக்கு மூன்று மாதமோ ஐந்து மாதமோ ஆன பிறகுதான் திரும்புகிறாள். கர்ப்பம் முழுவதும் அவளை அறிந்த நர்சம்மா புகுந்த வீட்டு ஊரில் இருக்கிறார். பால் கட்டிக்கொள்வதும், காய்ச்சல் வருவதும், குழந்தையின் எடை குறைவதும் நடக்கிற ஊரின் நர்சம்மாவுக்கு அவள் புதுமுகம். பதிவு எண் மாநிலம் முழுவதற்கும் ஒன்றாக இருந்தும், வீட்டுக்குப் போகும் பொறுப்பு பல நேரம் இரண்டு ஊர்களுக்கும் நடுவே விழுந்துவிடுகிறது. செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் இடம்பெயரும் குடும்பங்களுக்கு இரண்டு ஊர்கூட இல்லை. தாய்வீட்டு வழக்கம் பெண்ணுக்கு ஓய்வும் துணையும் தருவது. அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அதை அறிந்தே வடிவமைக்காத திட்டத்தின் மேல்தான் குறை.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. வீட்டுக்கு வரும் அரசு ஊழியர் துணையாகவும் வரலாம், கண்காணிப்பாளராகவும் வரலாம். குடும்பக் கட்டுப்பாட்டுக்கு இலக்கு வைத்திருந்த காலத்தில், ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்க வருகிறார் என்று கதவைச் சாத்திய வீடுகள் உண்டு. இலக்கு முறை 1996இல் கைவிடப்பட்டது. என்றாலும், இரண்டு பெண் குழந்தைக்குப் பின் மூன்றாவதாக உண்டானவளிடம் அக்கறையும் சந்தேகமும் ஒரே கேள்வியில் கலந்தே வருகின்றன. வீட்டின் மறுபக்கமோ காலியாக இருக்கிறது. பகலில் வரும் நர்சம்மா கணவனைப் பார்ப்பதே இல்லை. முட்டையும் கீரையும் வாங்குகிற பணம் பெரும்பாலும் அவன் கையில்.

எல்லா வீட்டுக்கும் ஒரே கணக்கில் வருகை என்பதை விட்டுவிட வேண்டும். எடை குறைந்த குழந்தை, முதல் பிள்ளை, சிசேரியன், கடும் இரத்தசோகை, துணையற்ற பெண் இருக்கும் வீடுகளுக்கு நீண்ட வருகைகள் வேண்டும், மற்றவர்களுக்கு ஓரிரண்டு போதும். கணினிப் பதிவுக்குத் தனி ஆள் போடுவது செலவுதான், ஆனால் பயிற்சி பெற்ற செவிலியரைத் தட்டச்சில் உட்கார வைப்பது அதைவிடப் பெரிய செலவு. இவற்றுக்குக் காலம் பிடிக்கும். நாளையே செய்யக்கூடியது ஒன்று உண்டு: மருத்துவமனையிலிருந்து தாயை அனுப்பும்போது எந்த வீட்டுக்குப் போகிறீர்கள் என்று கேட்டு, அந்த ஊர் நர்சம்மாவுக்கு அன்றே தகவல் கொடுத்து, மூன்றாம் நாள் வருகையை அவர் பெயரில் எழுதுவது. அதற்கு ஓர் அரசாணை போதும். சுகாதாரத் துறை அதை உடனே பிறப்பிக்க வேண்டும்.