தேஜஸ்வியின் வாசிப்பும் பசுமைத் தொழில்நுட்ப நாட்டமும்: ‘கர்வாலோ’, ‘சிதம்பர ரகசியம்’ நாவல்களை முன்வைத்து

முன்னுரை

கன்னட நாவலாசிரியர் கே.பி. பூர்ணசந்திர தேஜஸ்வியைச் (1938-2007) சுற்றுச்சூழல் எழுத்தாளர் என வகைப்படுத்துவது வழக்கம். இவ்வகைப்பாடு தவறன்று, எனினும், இயற்கையை எழுதுபவர் இயந்திரத்தை வெறுப்பவராகவே இருப்பார் என்னும் முற்கோளுக்கு அது இடமளித்துவிடுகின்றது. தேஜஸ்வியோ ஒளிப்படக் கருவியில் தோய்ந்தவர். கணினியில் கன்னடம் இயல்பாக வழங்க வேண்டுமெனப் போராடியவர். அயல்நாட்டு அறிவியல் நூல்களை விரும்பிப் படித்துக் கன்னடத்தில் மறுபடைப்புச் செய்தவர். அதே வேளையில், உழவே வேண்டாம் என்ற ஜப்பானிய உழவரின் கொள்கையை எடுத்துரைத்தவரும் அவரே. முரண்போலத் தோன்றும் இவ்விரண்டும் ஒரே மனப்பாங்கின் இரு கூறுகள் என்பதையும், அம்மனப்பாங்கே அவருடைய நாவல்களின் கட்டமைப்பைத் தீர்மானித்துள்ளது என்பதையும் நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

‘பசுமை’ என்னும் சொல்லின் இரு பொருள்

‘பசுமைத் தொழில்நுட்பம்’ என்னும் தொடர் இன்று காற்றாலை, கதிரொளி மின்சாரம், இயற்கை வேளாண்மை ஆகியவற்றைச் சுட்டுகின்றது. ஆனால், தேஜஸ்வி எழுத்துலகில் காலூன்றிய காலத்தில் ‘பசுமை’ என்ற அடைமொழி இதற்கு நேர்மாறான ஒன்றைச் சுட்டியது. ‘பசுமைப் புரட்சி’ என்னும் தொடரை 1968-இல் அமெரிக்க அதிகாரி வில்லியம் காட் வழங்கினார். வீரிய விதை, செயற்கை உரம், பூச்சிக்கொல்லி, பெரும்பாசனம் ஆகிய நான்கும் சேர்ந்ததே அப்பசுமை. பின்னர் இம்முறையின் விளைவுகளை எதிர்த்து எழுந்த இயக்கங்களும் ‘பசுமை’ என்ற சொல்லையே தமக்குரியதாக்கிக்கொண்டன.

இவ்விரு பசுமைகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் வாழ்ந்த உழவர்-எழுத்தாளர் தேஜஸ்வி. கருநாடகத்திலேயே மாற்றுச் சிந்தனைக்கான முயற்சிகள் அக்காலத்தில் தோன்றின. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அமுல்ய ரெட்டி 1974-இல் தொடங்கிய ‘அஸ்த்ரா’ அமைப்பு, சாண எரிவாயு, புகை குறைந்த அடுப்பு போன்ற சிற்றூர்த் தொழில்நுட்பங்களை ஆய்வுப் பொருளாக ஏற்றது. அதற்கு முந்தைய ஆண்டில் ஷூமாக்கரின் ‘சிறியதே அழகு’ வெளிவந்திருந்தது. தேஜஸ்வியின் நாட்டத்தை இச்சூழலில் வைத்தே மதிப்பிடுதல் பொருந்தும்.

மைசூருப் பின்புலம்

தேஜஸ்வி மலைநாட்டுக் குப்பளியைச் சார்ந்தவர். எனினும் வளர்ந்ததும் மகாராஜா கல்லூரியில் பயின்றதும் மைசூருவில். தந்தை குவெம்பு மைசூருப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கியவர். கன்னடத்தைப் பயிற்றுமொழியாக்க உழைத்தவர். அறிவியலைத் தாய்மொழியில் சொல்ல முடியும் என்ற உறுதி தேஜஸ்விக்கு இல்லத்திலேயே கிடைத்தது எனலாம்.

மைசூரு அரசு தொழில்நுட்பத்தில் முன்னோடியாகவும் திகழ்ந்தது. 1902-இல் சிவசமுத்திர நீர்மின் நிலையத்திலிருந்து கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் சென்றது; 1911-இல் கிருஷ்ணராஜசாகர் அணைப்பணி தொடங்கியது. இவை அரசு திட்டமிட்டுக் குடிமக்களுக்கு வழங்கிய பெருந்தொழில்நுட்பங்கள். தேஜஸ்வியோ கல்வி முடிந்தபின் இந்நகரத்தை விட்டகன்று, சிக்கமகளூரு மாவட்டத்து முடிகெரெயில் தோட்டப் பயிர் செய்து வாழ்ந்தார். மேலிருந்து வழங்கப்பெறும் தொழில்நுட்பம் கீழே நிலத்தைத் தொடும்போது என்னவாகின்றது என்பதைக் காணும் வாய்ப்பு இவ்விடமாற்றத்தால் அமைந்தது. ஏலக்காய் ஆராய்ச்சி நடைபெற்ற ஊர் முடிகெரெ என்பதும், அவருடைய இரு முதன்மை நாவல்களிலும் வேளாண் அறிவியலாளர் இடம்பெறுகின்றனர் என்பதும் இணைத்து நோக்கத்தக்கன.

வாசிப்பின் பரப்பு

தேஜஸ்வியின் வாசிப்பு இலக்கியத்தோடு நின்றதன்று. கென்னத் ஆண்டர்சனின் வேட்டை அனுபவங்களை அவர் கன்னடத்தில் தந்தார். ‘மகாபலாயன’ என்னும் நூலில் ஸ்லாவோமிர் ராவிச்சின் நெடும்பயணக் கதையை மறுபடைப்புச் செய்தார். படிமலர்ச்சி பற்றி ‘மிஸ்ஸிங் லிங்க்’ எழுதினார். ‘மில்லேனியம்’ வரிசை நூல்களில் உயிரினங்களின் வாழ்க்கைப் போராட்டம், பசிபிக் தீவுகள், உலகப் போர், விண்வெளி எனப் பல துறைச் செய்திகளைப் பொதுவாசகருக்குக் கொண்டுசென்றார்.

இவ்வாசிப்புக்குக் கன்னடத்தில் முன்மரபு உண்டு. சிவராம காரந்தர் நாவலாசிரியராக இருந்துகொண்டே அறிவியல் கலைக்களஞ்சியம் தொகுத்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராக விளங்கிய பி.ஜி.எல். சுவாமி, ‘ஹசிரு ஹொன்னு’ என்னும் நூலில் தாவரங்களைத் தேடிய பயணங்களை இலக்கியமாக்கிச் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். ‘அபசூரின போஸ்ட் ஆபீஸ்’ (1973) தொகுதியின் முன்னுரையில் நவீனத்துவப் போக்கிலிருந்து விலகுவதாக அறிவித்த தேஜஸ்வி, தமக்கு வழிகாட்டியோராக லோகியா, குவெம்பு ஆகியோருடன் காரந்தரையும் சுட்டினார். காரந்தரிடம் அவர் போற்றியது சோதித்துப் பார்க்கும் இயல்பை என்பது ஈண்டு நினையத்தக்கது.

செய்து பார்க்கும் வாசிப்பு

மசனோபு ஃபுகுவோகாவின் கொள்கையைக் கன்னட வாசகருக்கு விளக்கும் ‘சகஜ கிருஷி’ தேஜஸ்வியின் வாசிப்பு முறையை உணர்த்தும் சிறந்த சான்றாகும். ஃபுகுவோகா தாவர நோயியல் பயின்று, சுங்கத்துறையின் பயிர்ச் சோதனைப் பிரிவில் பணியாற்றியவர். பின் பணியைத் துறந்து உழவரானவர். உழாமை, செயற்கை உரமிடாமை, உழுதோ மருந்திட்டோ களையெடுக்காமை, வேதிப்பொருள்களைச் சாராமை என்னும் நான்கும் அவருடைய நெறிகள். வைக்கோலை நிலத்தில் பரப்புதல், விதையைக் களிமண் உருண்டையில் பொதிந்து தூவுதல் ஆகியன அவர் கையாண்ட உத்திகள்.

மேலோட்டமாக நோக்குவோர் இதனைத் தொழில்நுட்ப மறுப்பு என்பர். உண்மையில் இது நுட்பமான தொழில்நுட்பமே. எப்பருவத்தில் விதைப்பது, எக்களையை எப்பயிர் அடக்கும் என்பன பல்லாண்டு உற்றுநோக்கலால் மட்டுமே அறியப்படுவன. இயந்திரமும் மருந்தும் செய்யும் பணியை இம்முறையில் உழவரின் அறிவு செய்கின்றது. ஒளிப்படக் கருவியுடன் பறவைக்காகக் காத்திருத்தல், தூண்டிலுடன் ஆற்றங்கரையில் அமர்தல், கணினியில் எழுத்துருச் சிக்கலை ஆராய்தல் ஆகிய தேஜஸ்வியின் ஈடுபாடுகள் யாவற்றிலும் இதே உற்றுநோக்கல் உண்டு. ஒரு கருவி மனிதரின் கவனத்தைக் கூர்மையாக்குமாயின் அவர் அதனை வரவேற்றார். கவனத்துக்கு மாற்றாகத் தன்னை நிறுத்திக்கொள்ளுமாயின் ஐயுற்றார். தொடக்கத்தில் சுட்டிய முரண் இவ்விடத்தில் தீர்கின்றது.

தமிழ்ச் சூழலில் இதற்கு இணையான வரலாறு ஒன்றுண்டு. தேஜஸ்வி பிறந்த அதே 1938-இல் பிறந்தவர் கோ. நம்மாழ்வார். கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றி, 1969-இல் அப்பணியைத் துறந்தார். பின்னர் ஃபுகுவோகாவின் சிந்தனையை ஏற்று இயற்கை வேளாண்மையைத் தமிழகமெங்கும் பரப்பினார். நம்மாழ்வாரிடம் இயக்கமாக மலர்ந்தது தேஜஸ்வியிடம் புனைகதையாக மலர்ந்தது.

‘கர்வாலோ’: அறிவு யாருடையது?

1980-இல் வெளிவந்த ‘கர்வாலோ’வில் கதை சொல்பவர் பயிர்த்தொழிலின் தொல்லைகளில் உழலும் ஓர் உழவர். கர்வாலோ என்னும் அறிவியலாளர், ஊரார் மதிக்காத மந்தண்ணனிடம் பிறவி இயற்கை ஆய்வாளனைக் காண்கிறார். பல கோடி ஆண்டுப் பழமையுடையதாகக் கருதப்படும் பறக்கும் ஓணானை மந்தண்ணன் கண்டதாகச் சொல்ல, அதனைத் தேடி ஒரு குழு காட்டுக்குள் செல்கின்றது. ஒளிப்படக் கலைஞர் பிரபாகரன், பிரியாணிக் கரியப்பன், எங்டன், கிவி என்னும் நாய் ஆகியோர் அக்குழுவினர்.

பட்டம் பெற்றவரும் படிக்காதவரும் சமையற்காரரும் ஒரே ஆய்வுக்குழுவாக அமைவதே இந்நாவலின் புதுமை. நூலறிவுள்ள கர்வாலோவுக்கு அவ்வுயிரினத்தின் அருமை தெரியும். ஆனால் அதனைக் கண்டவர் அல்லர். மந்தண்ணனுக்குக் கண்டது தெரியும். கண்டதன் அருமை தெரியாது. இருவகை அறிவும் இணைந்தாலன்றித் தேடல் நிகழாது. முடிவில் ஓணான் கைக்கு எட்டாது பள்ளத்தாக்கில் மிதந்து மறைகின்றது. இதனைத் தோல்வி எனக் கொள்வதினும், அறிவியலின் எல்லையை அறிவியலாளரே ஏற்றுக்கொள்ளும் முதிர்ச்சி எனக் கொள்வது பொருத்தமாகும்.

‘சிதம்பர ரகசியம்’: தொழில்நுட்பம் ஊருக்குள் வரும்போது

1987-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்ற ‘சிதம்பர ரகசியம்’ இதன் மறுபக்கத்தைக் காட்டுகின்றது. கெசரூரில் ஏலக்காய் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த ஜோகிகாள் என்னும் அறிவியலாளர் இறக்கிறார். ஏலக்காய் விளைச்சலின் வீழ்ச்சியும் அவருடைய இறப்பும் ஆராயப்பட வேண்டியவையாகின்றன. துப்பறியும் கதையாகத் தொடங்கும் நாவல், மரக்கடத்தல், சாதிப் பகை, மதக் காழ்ப்பு, இளைஞர்களின் புரட்சிக் கனவு, காதல் எனக் கிளைத்து, இறுதியில் ஊரைச் சூழும் பெருந்தீயில் முடிகின்றது.

தலைப்பின் பொருள் தமிழ் வாசகருக்கு எளிதில் புலப்படும். சிதம்பரத்தில் திரை விலகினால் தெரிவது வெளி. இந்நாவலிலும் திரையை விலக்கினால் குற்றவாளி என ஒருவர் மட்டும் அகப்படுவதில்லை. விளைச்சல் வீழ்ச்சிக்கு ஆய்வுக்கூடத்தில் மட்டும் விடை தேட முயல்வோர் தோற்கின்றனர். ஏலக்காய் காட்டு நிழலில் வளரும் பயிர். காட்டை வெட்டுவோரும் ஏலக்காய்க்கு மருந்து கேட்போரும் ஒரே ஊரில் வாழ்கின்றனர். ஆராய்ச்சி நிலையம், அரசு அலுவலகம், வணிகர், கடத்தல்காரர் என்னும் அடுக்குகளின் வழியாகவே எப்புதிய நுட்பமும் நிலத்தை அடைய வேண்டியுள்ளது. ஒவ்வோர் அடுக்கிலும் அது திரிபடைகின்றது. ‘கர்வாலோ’வில் ஒருவரையொருவர் நம்பும் குழு அமைந்ததால் தேடல் நிகழ்ந்தது, கெசரூரில் நம்பிக்கை அற்றுப்போனதால் தேடலே இயலாமற்போயிற்று.

இன்றைய பசுமைத் தொழில்நுட்பத்திற்கும் இக்கேள்வி பொருந்தும். காற்றாலையும் கதிரொளிப் பூங்காவும் தூய மின்சாரம் தருவன. எனினும் அவை எவர் நிலத்தில், எவர் இசைவுடன், எவர் நலனுக்காக அமைகின்றன என்னும் வினா அவற்றின் தூய்மையால் தீர்ந்துவிடுவதில்லை. கருவியின் நிறத்தினும் அது வரும் வழியே முதன்மையானது என்பது கெசரூர் தரும் படிப்பினை.

எல்லைகள்

தேஜஸ்வியின் பார்வைக்கு எல்லைகளும் உண்டு. அவருடைய கதைசொல்லிகள் பெரும்பாலும் நிலமுடைய உழவர்கள். காப்பித் தோட்டமும் ஒரு காலத்தில் காட்டைத் திருத்தி உருவானதே என்னும் வரலாற்றுக் கேள்வி, மரக்கடத்தலுக்கு நேர்ந்த கூர்மையுடன் கேட்கப்பெறவில்லை. மந்தண்ணனின் அறிவு போற்றப்பட்டாலும், அதனை அறிவென்று அறிவிக்கும் உரிமை கர்வாலோவிடமே உள்ளது. ‘கர்வாலோ’வின் தேடல் குழுவில் பெண்களுக்கு இடமில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. விதையையும் சேமிப்பையும் காத்துவந்த பெண்களின் அறிவு அந்நாவலில் ஆய்வறிவாக உருப்பெறவில்லை.

நிறைவுரை

தேஜஸ்வியின் பல்துறை வாசிப்பு அவருடைய நாவல்களில் தகவலாகத் தேங்காமல் தேடல் என்னும் கதைக்கட்டாக உருமாறியுள்ளது. புதிய தொழில்நுட்பத்தின்பால் அவர் கொண்ட நாட்டம் வியப்பால் விளைந்ததன்று. செய்து பார்த்தறியும் விழைவால் விளைந்தது. மனிதரின் கவனத்தைக் கூர்மையாக்கும் நுட்பம் ஏற்புடையது என்னும் அளவுகோலை அவருடைய வாழ்வும், அறிந்தோர்க்கிடையே நம்பிக்கை இல்லாதவிடத்து எந்நுட்பமும் பயன்படாது என்னும் உண்மையை அவருடைய நாவல்களும் உணர்த்துகின்றன. தமிழில் சூழலியல் இலக்கிய ஆய்வு பெரும்பாலும் திணைக் கோட்பாட்டையும் இழந்த நிலத்தின் நினைவையுமே சார்ந்து நிற்கின்றது. உழவர், அறிவியலாளர், கருவி ஆகிய மூவகை உறவையும் ஆராயும் புனைகதை வாசிப்பு இங்கும் வளர்தல் வேண்டும். அதற்குத் தேஜஸ்வியின் நாவல்கள் தக்க ஒப்பீட்டுக் களமாக அமையும்.