விடுபடும் தண்டு: ரூபிகானின் மின் ஸ்வே பார் குறித்து ஒரு மதிப்பீடு

ஒரு பொறியமைப்பை எடைபோட மூன்று கேள்விகள் போதும். ஏற்ற வேலையைச் செய்கிறதா? கெடும்போது ஆபத்தில்லாமல் கெடுகிறதா? கெட்டதை, வண்டி ஓடும் ஊரிலேயே சரிசெய்ய முடிகிறதா? நம் வாகன விமர்சனங்கள் பெரும்பாலும் முதல் கேள்வியோடு நின்றுவிடுகின்றன. ஜீப் ரேங்ளர் ரூபிகானின் முன் அச்சில் உள்ள மின் ஸ்வே பாரை மூன்றுக்கும் உட்படுத்திப் பார்க்க வேண்டும். பழுதான பாரைச் செப்பனிடுவதா, மாற்றுவதா, விற்றுவிடுவதா என்ற கேள்விக்கு அதற்குப் பிறகே நேர்மையான விடை கிடைக்கும்.

இந்தச் சோதனைக்குக் கோலார் தங்க வயல் பொருத்தமான களம். ஒரு பக்கம் பேத்தமங்கலாவைத் தொட்டுச் செல்லும் பெங்களூரு–சென்னை விரைவுச் சாலை. மறுபக்கம் கோலார் மாவட்டத்துக்கே உரிய பாறைக் குன்றுகளும் கரடுமுரடான மண் தடங்களும். ஒரே வண்டி ஒரே நாளில் இரண்டிலும் ஓட வேண்டியிருக்கிறது. இந்த இரட்டைத் தேவைதான் மின் ஸ்வே பாரின் பிறப்புக் காரணம்.

ஸ்வே பார், மெக்கானிக்குகள் ஸ்டெபிலைசர் ராடு என்று சொல்வது, இடச் சக்கரத்தையும் வலச் சக்கரத்தையும் பிணைக்கும் முறுக்குத் தண்டு. வளைவில் வண்டி சாயும்போது முறுகி, சாய்வை எதிர்க்கிறது. பாறைமேல் ஒரு சக்கரம் ஏறும்போதோ அதே குணம் தடையாகிறது. சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்க அது விடுவதில்லை. தண்டை நடுவில் இரண்டாக்கி, பல் வெட்டிய இணைப்புக்குள் வைத்து, சிறு மோட்டாரால் சேர்க்கவும் பிரிக்கவும் செய்தது அமெரிக்கன் ஆக்சில் நிறுவனம். 2005 பவர் வேகன் பிக்கப் டிரக்கில் வந்த இந்த ஏற்பாடு, 2007இல் ரூபிகானுக்கும் வந்தது. இந்தியாவில் ரூபிகான் 2020இல் விற்பனைக்கு வந்தது. 2021 முதல் ரஞ்சன்காவ் ஆலையில் பொருத்தப்படுகிறது.

முதல் கேள்வியில் இதற்கு உயர்ந்த மதிப்பெண் தரலாம். நான்கு சக்கர இயக்கத்தில், மணிக்கு 29 கிலோமீட்டருக்குக் கீழே, ஒரு பொத்தானை அழுத்தினால் தண்டு பிரிகிறது. அந்த வேகத்தைத் தாண்டினால் தானே சேர்கிறது. 22க்குக் கீழே இறங்கினால் மறுபடி பிரிய முயல்கிறது. ஓட்டுநரின் மறதிக்கும் இடம் கொடுத்த வடிவமைப்பு இது. 2020இல் வந்த மஹிந்திரா தாரில் முன்னும் பின்னும் ஸ்டெபிலைசர் பார் உண்டு, பிரிக்கும் பொத்தான் இல்லை. பிரிக்க வேண்டுமானால் ஸ்பேனரோடு வண்டிக்கு அடியில் படுக்க வேண்டும். திரும்ப மாட்ட மறந்தால் நினைவூட்ட ஆளில்லை.

ரூபிகானின் பாரிலும் ஒரு குறை உண்டு. தண்டின் இரு பாதிகளும் நேர்கோட்டில் வந்தால்தான் பற்கள் நகரும். வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும்போது தண்டு முறுக்கேறி இறுகிவிடும். சமதரைக்கு வரும்வரை, அல்லது வண்டியைப் பக்கவாட்டில் ஆட்டும்வரை, டேஷ்போர்டில் பாருக்கான விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். ஃபோர்டு பிராங்கோவின் ஹைட்ராலிக் ஏற்பாடு சக்கரம் ஏறியிருக்கும் நிலையிலும் பிரிகிறது; இந்தக் கூறில் அது மேலானது.

இரண்டாம் கேள்விக்கான அளவுகோல் இந்த மண்ணிலேயே இருக்கிறது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போனது. அத்தகைய ஆழத்துக்குக் கூண்டை இறக்கும் வைண்டருக்குச் சுரங்கப் பொறியியல் வகுத்த விதி தெளிவானது: பிரேக்கை விடுவிக்கத்தான் சக்தி தேவைப்பட வேண்டும், பிடிக்க எடையோ வில்லோ போதும். சக்தி அறுந்தால் கூண்டு நிற்க வேண்டும். ரூபிகானின் பார் அடிப்படையில் இந்த விதிக்கு உட்பட்டதே. பிரிக்க மோட்டார் உழைக்கிறது. சேர்ந்த நிலையை நோக்கி வில் தள்ளுகிறது. கொள்கை சரியானது. ஆனால் வைண்டர் பிரேக்கை ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் சோதிக்க ஆள் இருந்தார்கள். இந்தத் தண்டோ பம்பருக்குப் பின்னால், சேறும் தண்ணீரும் அடிக்கும் உயரத்தில், யாரும் பாராமல் கிடக்கிறது. பற்களில் துரு ஏறிவிட்டால் எந்த வில்லும் தள்ளிச் சேர்க்காது. பிரிந்த நிலையில் சிக்கிய பாரோடு விரைவுச் சாலையில் ஏறுவது விபத்தை அழைப்பது. இங்கே கொள்கைக்கு முழு மதிப்பெண்ணும், காப்புறைக்குப் பாதியும்தான் தர முடியும்.

மூன்றாம் கேள்வியில் மதிப்பு இன்னும் இறங்குகிறது. வழக்கமாகக் கெடுவது தண்டல்ல. அதன் நடுவில் பொருத்திய மோட்டார் பெட்டியின் கனெக்டரும் சர்க்யூட் போர்டும். எஃகுத் தண்டு பல்லாண்டு உழைக்கும்; நகம் அளவு செம்பு முனை பச்சை பூத்தால் மொத்தமும் முடங்கும். அந்தச் சிறு பாகத்துக்காக முழு அமைப்பையும் மாற்றச் சொல்வது பொறியியல் தீர்வு ஆகாது.

கோலார் தங்க வயலிலேயே, பி.இ.எம்.எல். வளாகத்தில் உருவாகும் பி.டி.155 புல்டோசரில் ஈக்வலைசர் பார் என்ற குறுக்குத் தண்டு இருக்கிறது. நடுவில் ஒரு பின்னில் ஆடும் அது, இரண்டு டிராக்குகளும் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஏற்பத் தனித்தனியே அசைய விடுகிறது. மோட்டாரும் இல்லை, கம்பியும் இல்லை. பின்னும் புஷ்ஷும் தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். ஆயினும் ஒப்பீட்டை நியாயமாகச் செய்ய வேண்டும். புல்டோசர் ஆள் ஓடும் வேகத்தைத் தாண்டுவதில்லை; அதற்குச் சாய்வைத் தடுக்கும் கடமையும் இல்லை. ரூபிகானுக்கு இரண்டு கடமைகள், எனவே சிக்கலுக்கு நியாயம் உண்டு. சிக்கலான பாகத்தை எளிதில் திறந்து சரிசெய்ய வழி வைக்காததற்கு நியாயம் இல்லை.

இனி மூன்று வழிகள். முதலாவது செப்பனிடல். கனெக்டரைக் கழற்றி, முனைகளைக் கான்டாக்ட் கிளீனரால் சுத்தம் செய்து, மின்கடத்தாக் கிரீஸ் தடவி, பெட்டியின் மூடியைப் புதிய கேஸ்கெட்டோடு அடைப்பது. பற்கள் நன்றாக இருந்து பழுது மின்பகுதியில் மட்டும் என்றால் இதுவே முதல் தேர்வு. சுரங்க ஒர்க்‌ஷாப்புகளும் பி.இ.எம்.எல்.லும் பயிற்றிய பிட்டர், எலக்ட்ரீஷியன் மரபு உள்ள ஊருக்கு இது எட்டாத வேலை அல்ல. போர்டு கருகியிருந்தால் மட்டும் இது தற்காலிக ஒட்டு.

இரண்டாவது மாற்றுதல். அதே அமைப்பைப் புதிதாக வாங்கினால் எல்லா வசதியும் திரும்பும். அதே பலவீனமும் கூடவே வரும். துண்டில்லாத ஒற்றைத் தண்டைப் போட்டு, கையால் கழற்றும் லிங்க் பொருத்தினால் நம்பகம் கூடும். வசதி குறையும், டேஷ்போர்டு எச்சரிக்கையும் நீடிக்கும். உற்பத்தியாளர் வடிவிலிருந்து விலகும் மாற்றங்களை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை இறுக்கமாகவே வாசித்தது. ஆகவே ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. பாரையே கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுவது நான்காவது வழி அல்ல, அது பொறுப்பின்மை.

மூன்றாவது விற்பனை. இதற்கு அளவுகோல் ஒன்றே: வாங்குபவர் கண்முன் பார் வேலை செய்து காட்ட வேண்டும். சமதரையில் 4எல் (குறைவேக நான்கு சக்கர இயக்கம்) போட்டு, பொத்தானை அழுத்தி, விளக்கு மினுக்கல் நின்று நிலையாக எரிவதைப் பார்க்கட்டும். பிறகு ஒரு முன்சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் தூக்கட்டும். தண்டின் ஒரு கை எழும்ப, மறு கை அசையாமல் இருந்தால் பிரிந்திருக்கிறது என்று பொருள். சக்கரத்தை இறக்கி, பொத்தானை மறுபடி அழுத்திச் சேர்த்தபின் இதையே செய்தால், இரு கைகளும் ஒன்றையொன்று இழுக்க வேண்டும். விளக்கு தருவது வாக்குமூலம். தண்டின் அசைவுதான் சான்று. பழுதைச் சொல்லிக் குறைந்த விலைக்கு விற்பது வணிகம். விளக்கின் பல்பைப் பிடுங்கிவிட்டு விற்பது மோசடி.

தீர்ப்பு இது. செயலில் இந்த பார் தன் வகையில் முன்னோடி. பிழையைக் கையாளும் கொள்கையில் முதிர்ந்தது. காப்புறையிலும் பராமரிப்பிலும் முடிக்காமல் விட்ட படைப்பு. பற்கள் நலமாக இருக்கும்வரை செப்பனிடுங்கள். போர்டு போய், பாறைப் பயணம் அரிதாகிவிட்டால், அனுமதியோடு ஒற்றைத் தண்டுக்கு மாறுங்கள். விற்பதானால் சோதித்துக் காட்டி விற்றுவிடுங்கள். உற்பத்தியாளரிடம் கேட்க வேண்டியதும் ஒன்றுண்டு: மோட்டார் பெட்டியைத் தனிப் பாகமாக, வண்டி ஓடும் ஊரிலேயே எளிதில் கிடைக்கச் செய்து, அதன் அடைப்பைச் சேற்றுக்கு ஏற்றதாக்கினால், மேலே குறைத்த மதிப்பெண்களில் பெரும்பகுதியைத் திருப்பித் தரத் தயங்க வேண்டியதில்லை.