பஃபர் பாட்டிலுக்கு முன்னால் ஜன்னல்

வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் பி.எச். 7.8 காட்டினால் நம்ம ஊரில் கிடைக்கும் ஆலோசனை ஒன்றுதான்: "பஃபர் ஊத்துங்க." இது எண்ணைப் பார்க்கிற வைத்தியம், காரணத்தைப் பார்க்கிறதில்லை. 7.8 முதல் 8.4 வரை பவளங்கள் தாங்கும் என்பதையும் யாரும் சொல்வதில்லை.

காரணம் பெரும்பாலும் அறைக் காற்றில் இருக்கிறது. தாம்பரம், சேலையூர் பக்கம் கோடை ராத்திரியில் ஜன்னலைச் சாத்தி ஏசி போட்டுத் தூங்குகிறோம். ஸ்ப்ளிட் ஏசி உள்காற்றையேதான் சுற்றவிடும். வெளியே கார்பன் டை ஆக்சைடு சுமார் 420 பிபிஎம். இரண்டு பேர் தூங்கும் மூடிய அறையில் அது 1000-ஐச் சுலபமாகத் தாண்டும். நீரில் கரைந்து கார்பானிக் அமிலமாகி பி.எச்.சை இறக்கும். விளக்கு அணைந்தபின் ஒளிச்சேர்க்கையும் நின்றுவிடுவதால், விடியலுக்கு முன் இன்னும் குறையும்.

இப்போது பஃபர் ஊற்றினால் பி.எச். கொஞ்சம் ஏறும், அறைக் காற்று மாறாததால் திரும்ப இறங்கும். ஊற்றிய ஆல்கலினிட்டி மட்டும் நீரில் சேர்ந்துகொண்டே போகும். 8 டிகேஎச் 12, 13 ஆனால் பம்பில் சுண்ணாம்பு படியும், பவளத்தின் நுனி வெளுக்கலாம்.

வேதியியலாளர் ராண்டி ஹோம்ஸ்-ஃபார்லி சொல்லும் சோதனைக்குச் செலவே இல்லை. ஒரு கப் தொட்டி நீரைப் பால்கனியில் வைத்து, ஏர் ஸ்டோனில் ஒரு மணி நேரம் குமிழி விடுங்கள். பி.எச். நன்றாக ஏறினால் நீரில் கார்பன் டை ஆக்சைடு அதிகம், சிக்கல் அறைக் காற்றில் இருக்கலாம். ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை ஜன்னலுக்கு வெளியே நீட்டுங்கள். ஏறவில்லையா? ஆல்கலினிட்டியை அளங்கள். அது 7 டிகேஎச்சுக்குக் கீழே இருந்தால் அப்போது பாட்டிலைத் திறக்கலாம்.