‘இருக்கட்டும்’ என்றால் என்ன அர்த்தம்?

திருநகர் இரண்டாவது ஸ்டாப்பில் ஏறிப் பெரியார் நிலையத்தில் இறங்குவதற்குள் யாராவது யாருக்காவது மறுப்புச் சொல்வது காதில் விழுந்துவிடும். ‘மாட்டேன்’ என்ற சொல் மட்டும் அநேகமாக வராது. ‘இருக்கட்டும்’, ‘பாப்போம்’, ‘வீட்ல கேட்டுச் சொல்றேன்’, ‘இப்பத்தான் சாப்ட்டேன்’, ‘அதுக்கென்ன, இன்னொரு நாளைக்கு’. கைமாற்று கேட்டவருக்கும், சீட்டுச் சேரச் சொன்னவருக்கும், சாப்பிடக் கூப்பிட்டவருக்கும் இவற்றின் பொருள் உடனே புரிந்துவிடுகிறது. மதுரைப் பேச்சின் மரியாதை இது.

இதே ஊரில் ஒரு பெண், தன்னைப் பார்க்க வரும் மாப்பிள்ளை வீட்டைப் பற்றி ‘படிச்சு முடிச்சிர்றேனே’ என்று சொல்லட்டும். அதற்கு வெட்கம் என்று பெயர் வைத்துவிடுவார்கள். கடன் விஷயத்தில் கூர்மையாக இருக்கும் காது, கல்யாண விஷயத்தில் எப்படி மந்தமாகிறது? இந்த மந்தத்தை வளர்த்ததில் நம் சினிமாவுக்குப் பெரிய பங்கு உண்டு. ‘எனக்கு இதுல விருப்பம் இல்லைங்க’ என்று கதாநாயகி சொன்னதும் பாட்டு ஆரம்பித்துவிடும். அவள் மரியாதைக்குச் சேர்த்த ‘ங்க’வை நாயகன் கதவின் இடுக்காக எடுத்துக்கொள்கிறான். அந்த ‘ங்க’வை விட்டுவிட்டால் திமிர் பிடித்தவள். ‘பட்டிக்காடா பட்டணமா’வில் (1972) ஜெயலலிதா நடித்த கல்பனா கணவனின் பழக்கவழக்கங்களோடு முரண்படுகிறாள். அவள் வழிக்கு வந்து அடங்கினால்தான் படம் சுபம்.

‘மௌன ராகம்’ (1986) இந்த இடத்தில் கவனிக்க வேண்டிய படம். பெண் பார்க்க வந்த சந்திரகுமாரிடம் திவ்யா தனியாகப் பேசுகிறாள். தன் குறைகளையெல்லாம் தானே அடுக்கிக் காட்டுகிறாள். வந்தவரைப் பழிக்காமல், தன்னையே தாழ்த்திச் சொல்லும் மறுப்பு அது. நம் வீடுகளில் பெண்ணுக்கு அனுமதிக்கப்பட்ட மிகப் பணிவான வழியும் அதுதான். அவனோ அந்த வெளிப்படையான பேச்சுக்காகவே அவளைப் பிடித்திருப்பதாகச் சொல்லிவிடுகிறான். பிறகு அப்பாவின் நெஞ்சுவலியும் அம்மாவின் கெஞ்சலும் அவள் மறுப்பைச் சம்மதமாக்கிவிடுகின்றன. கல்யாணத்துக்குப் பின் என்ன பரிசு வேண்டும் என்று கேட்கும் கணவனிடம் அவள் விவாகரத்து கேட்கிறாள். இந்த முறை அவன் செவிகொடுக்கிறான், வக்கீலிடமும் போகிறான். தமிழ்ப் படத்தில் அரிதான ஆண் அவன். ஆனால் சட்டம் ஓராண்டு காத்திருக்கச் சொல்கிறது. அந்த அவகாசத்தைப் படம் அவள் மறுப்பைக் கரைக்கவே பயன்படுத்துகிறது. அவள் மனம் மாறியதில் நமக்கும் சந்தோஷம்தான். மாறியிருக்காவிட்டால் அவளை நமக்குப் பிடித்திருக்குமா?

முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து வந்த ‘நேர்கொண்ட பார்வை’யில் (2019) பெண்ணின் மறுப்பில் எந்தப் பூச்சும் இல்லை. ஆனாலும் அதற்குப் பொருள் சொல்ல நீதிமன்றத்தில் அஜித் எழுந்து நிற்க வேண்டியிருக்கிறது. அந்த வசனத்துக்குக் கைதட்டிய ஆண்களில் எத்தனை பேர், அதையே ஷ்ரத்தா ஸ்ரீநாத் சொல்லியிருந்தால் தட்டியிருப்பார்கள்?

மதுரை மண்ணிலிருந்தே வந்த பதில் பி.எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’ (2024). பிடிவாதக்காரி என்று பொருள்படும் தலைப்பு. வேறு சாதிப் பையனை விரும்பிய மீனாவுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று நம்பி, முறைமாமன் பாண்டியும் உறவினர்களும் அவளை ஆட்டோவில் ஏற்றிச் சாமியாடியிடம் கொண்டுபோகிறார்கள். வழியெல்லாம் எல்லோரும் பேசுகிறார்கள். அன்னா பென் நடித்த மீனா ஏறத்தாழ வாயே திறப்பதில்லை. பணிந்து சொன்னால் சம்மதம், நிமிர்ந்து சொன்னால் திமிர் என்று எல்லாச் சொல்லும் அடைபட்டபின் அவளிடம் மிஞ்சியது மௌனம். அதற்கும் அவர்கள் ஒரு பெயர் வைக்கிறார்கள்: பேய். ஓரிடத்தில் காதில் விழும் சினிமாப் பாட்டுக்கு அவள் உதடு மெல்ல அசைகிறது. அதற்கே பாண்டி அடிக்கிறான், தடுக்க வந்த பெண்களுக்கும் அடி விழுகிறது.

‘மறுக்கிறதா இருந்தாலும் பக்குவமாச் சொல்லு’ என்று நமக்குச் சிறு வயதிலிருந்தே சொல்லித்தருகிறார்கள். திவ்யா பக்குவமாகத்தான் சொன்னாள். மீனா சொல்லவேயில்லை. குறை சொல்முறையில் இருந்திருந்தால் இவர்களில் ஒருத்தியாவது தப்பியிருக்க வேண்டும். ஆகவே அடுத்த படம் பார்க்கும்போது அவள் எப்படி மறுத்தாள் என்பதோடு, மறுத்த அடுத்த நொடி கேமரா யாரிடம் போகிறது, யார் பேச்சை மாற்றுகிறார்கள், பாட்டு யாருக்காக ஆரம்பிக்கிறது என்பதையும் பாருங்கள். ‘பக்குவமாக் கேளு’ என்று எந்தப் படத்திலாவது எந்த அம்மாவாவது தன் மகனுக்குச் சொல்கிறாளா என்றும் பாருங்கள். கொட்டுக்காளியின் முடிவில் பாண்டி, அந்தச் சாமியாடி இன்னொரு பெண்ணுக்குச் செய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவன் இனி என்ன செய்வான் என்று சொல்லாமலே படம் முடிகிறது. முடிவெடுக்க வேண்டியவன் அவன் என்பதையாவது அது சொல்லிவிடுகிறது.