லுலுவின் முதுகுக்குப் பின்னால்

1943 ஜனவரி 24. பிரான்ஸிலிருந்து 230 பெண்களை ஏற்றிக்கொண்டு ஒரு ரயில் ஆஷ்விட்ஸுக்குக் கிளம்பியது. பெரும்பாலோர் நாஜி ஆக்கிரமிப்பை எதிர்த்துத் தலைமறைவாக வேலை செய்தவர்கள். உயிரோடு மீண்டவர்கள் 49 பேர். கரோலின் மூர்ஹெட்டின் ‘குளிர்காலத்தில் ஒரு ரயில்’ இவர்களைப் பற்றியது. அதிர்ஷ்டத்தையும் அவர் மறுப்பதில்லை. ஆனா நூலின் அழுத்தம் முழுக்க நட்பின் மீதுதான். படித்து முடித்ததும் ஒரு கேள்வி உறுத்தியது: அப்போ, இறந்த 181 பேருக்குத் தோழிகளே இல்லையா?

அதே ரயிலில் போய்த் திரும்பியவர் சார்லொட் டெல்போ. அவருடைய ‘எங்களில் யாரும் திரும்பமாட்டோம்’ நூலில் ஒரு காட்சி. வேலை செய்துகொண்டிருக்கும்போதே டெல்போ உடைந்துபோகிறார். லுலு தன் முதுகுக்குப் பின்னால் அவரை மறைத்துக்கொண்டு அழச் சொல்கிறார். அவ்வளவுதான். யாருடைய உயிரும் அங்கே காப்பாற்றப்படவில்லை. அழ ஓர் இடம் கிடைத்தது.

அதே நூலில், பள்ளத்திலிருந்து ஏற முடியாமல் கை நீட்டும் இன்னொரு பெண்ணும் வருகிறார். ஒருவரும் அசையவில்லை. டெல்போவும் பார்வையைத் திருப்பிக்கொள்கிறார். அதை மறைக்காமல் எழுதியும் வைக்கிறார்.

மூர்ஹெட்டைக் கண்டிப்பா வாசிங்க, கடுமையான உழைப்பு அது. ஆனா அதோடு நிறுத்திடாதீங்க. அணிவகுப்பில் முன்னால் நிற்பவரின் அக்குளில் கைவைத்துச் சூடேற்றிக்கொண்ட பெண்களிலும் பலர் செத்துப்போனார்கள். அவர்களுடைய நட்பையும் சேர்த்து எண்ண டெல்போவிடம்தான் கற்றுக்கொண்டேன்.