ஒலிநாடாவும் அதன் உரைநூலும்

தோட்டப்புற வாய்மொழிப் பாடல்களை ஆராய்வோர் பாடலின் சொல்லுக்குத் தரும் இடத்தை அதன் ஒலிக்குத் தருவதில்லை. பாடல் அச்சேறியதும் ஒலிநாடாவின் பயன் முடிந்துவிட்டதாகக் கொள்வர். இக்கொள்கை ஏற்புடையதன்று. ஒப்பாரியின் இழுப்பும் தாலாட்டின் குழைவும் எழுத்தில் அடங்குவன அல்ல. ஒலிநாடாவே மூலபாடம். அதனை ஒலிக்கச் செய்யும் கருவி பழுதுபடின் மூலபாடமும் ஊமையாகிவிடும்.

டச்சு இசையியலறிஞர் ஆர்னால்டு பாக்கே, 1938இல் தென்னிந்தியாவில் 'தெஃபி' என்னும் கருவியால் பதிவுகள் செய்தார். படச்சுருள் போன்ற பட்டையில் வரிப்பள்ளம் கீறி ஒலியைப் பதிக்கும் இம்முறை பின்னர் வழக்கொழிந்தது. 1984இல் நசீர் ஜைராஸ்பாயும் எமி கேட்லினும் அப்பதிவுகளைக் கொண்டு தமிழகம், கேரளம், கருநாடகம் ஆகிய பகுதிகளில் மீளாய்வு நிகழ்த்தினர். பழைய பட்டைகளிலிருந்து ஒலி படியெடுக்கப்பட்டிராவிடில் இவ்வொப்பாய்வு கைகூடியிராது.

படியெடுப்பதற்குக் கருவி மட்டும் போதாது. அதன் பழுதுபார்ப்புக் கையேடும் வேண்டும். கள ஆய்வாளர் பலர் பயன்படுத்திய ஊகர் 4000 வகைக் கருவிக்கு நான்கு வேகங்கள் உண்டு. வேகம் இரு மடங்காயின் பிழை உடனே புலப்படும். ஆறு விழுக்காடு மட்டுமே பிறழின், சுருதி ஏறத்தாழ அரைச்சுரம் மாறும். பாடியவரை அறியாதார்க்கு அது புலப்படாது. வேகத்தைச் சீர்செய்யும் முறை, ஒலிமுனையை நேர்படுத்தும் திருகாணி, மின்சுற்று வரைபடம் ஆகியவற்றைக் கையேடே கூறும். மூலத்திற்கு உரை எவ்வாறோ, ஒலிநாடாவிற்குக் கையேடு அவ்வாறே. புள்ளியிடாத ஏட்டெழுத்தைப் படிக்கும் பயிற்சி இன்றிப் பழந்தமிழ் நூல்கள் அச்சேறியிருக்குமா?

இலக்கமுறைப் படி எடுத்தபின் கருவி எதற்கு என வினவலாம். பிழையாக எடுத்த படி பிழையாகவே நிலைபெறும். நாடா அழிந்தபின் திருத்தத்திற்கு இடமில்லை. 2019இல் யுனெஸ்கோவும் பன்னாட்டு ஒலி, ஒளி ஆவணக் காப்பகச் சங்கமும் விடுத்த எச்சரிக்கை, காந்த நாடாக்களைப் படியெடுக்கும் வாய்ப்பு 2025 அளவில் அருகிவிடும் எனச் சுட்டியது. அவ்வெல்லை வந்துவிட்டது.

கியா பார்ம் உள்ளிட்ட கேமரன் மலைப் பகுதிகளில் இச்சிக்கல் மேலும் கடுமையாகும். குளிர்ந்த ஈரக்காற்றில் நாடாவில் பூஞ்சை படரும். காந்தத்துகளைப் பிணைக்கும் பசையும் ஈரம் ஏற்று இளகும். ஆகவே அங்குள்ள முதியோரின் குரல் பதிந்த நாடாவைப் பெறுவோர், பதிவுக் கருவியின் பெயரையும் வேகத்தையும் உடன் குறித்தல் வேண்டும். தமிழ்த்துறைகள், பழுதுபார்ப்போரிடம் எஞ்சியுள்ள கையேடுகளைத் திரட்டி, உரிமையுடையோர் இசைவுடன் படியெடுத்து, நூலகங்களுக்கிடையே பகிர்தல் வேண்டும். பாடபேதம் குறிக்காத பதிப்பை நாம் குறையுடையதென்கிறோம். கருவியும் வேகமும் குறிக்காத நாட்டார் பாடல் தொகுப்பையும் அவ்வாறே மதிப்பிடுதல் தகும்.